கூலிங் காயில் மாற்றப் போகிறீர்களா? லோக்கலா, பெட்டிச் சரக்கா, கம்பெனி பார்ட்டா?

"கூலிங் காயில் லீக் சார். லோக்கல் போட்டுடலாமா, ஒரிஜினல் வேணுமா?" கார் ஏ.சி. மெக்கானிக் இப்படிக் கேட்டதும் நம்மில் பலர் முதலில் கேட்பது விலையைத்தான். (கூலிங் காயில் என்றால் காருக்குள் வீசும் காற்றைக் குளிர்விக்கும் அலுமினியக் காயில்.) காயிலின் விலையை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி. என் பழைய மாருதிக்கு இரண்டு வகையும் போட்டாகிவிட்டது. இப்போது ஓடிக்கொண்டிருப்பது பெட்டிச் சரக்கு.

பெட்டிச் சரக்கு என்று நான் சொல்வது, கார் கம்பெனிக்குக் காயில் செய்து கொடுக்கிறவர்களே தங்கள் பெயரில் வெளிச்சந்தையில் விற்பது. மாருதிக்கு சுப்ரோஸ் அப்படிப்பட்ட ஒரு நிறுவனம். சுசுகியும் ஜப்பானின் டென்சோவும் அதில் பங்குதாரர்கள். ஷோரூமில் கிடைக்கும் கம்பெனி பார்ட், பெயரில்லாத லோக்கல், சென்னை புதுப்பேட்டையில் பழைய கார்களிலிருந்து கழற்றி விற்கும் பழையது ஆகியவை மற்ற மூன்று வழிகள்.

கம்பெனி பார்ட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, விலையைத் தவிர. வாரன்டி மிச்சமிருக்கும் காருக்கு வேறு யோசனையே வேண்டாம், அங்கேயே போங்கள். பழைய காயிலை நான் போட்டுப் பார்த்ததில்லை. நல்லது மாட்டினால் லாபம் என்கிறார்கள்; ஆனால் எத்தனை வருடம் தூசியிலும் ஈரத்திலும் கிடந்த அலுமினியம் என்று பார்த்துச் சொல்ல முடியாத பொருளுக்குப் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே உண்மையான போட்டி லோக்கலுக்கும் பெட்டிக்கும்தான். அதைத் தீர்மானிப்பது கூலி.

ஏ.சி. கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் காரின் முன்னால் இருக்கிறது. பம்பரைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் புதைந்து கிடக்கிறது. சில கார்களில் குளோவ் பாக்ஸைக் கழற்றினாலே எடுத்துவிடலாம். பல கார்களில் ஸ்டியரிங்கை இறக்கி, ஏர்பேக் கனெக்டரைப் பிடுங்கி, டேஷ்போர்டை முழுசாக வெளியே எடுக்க வேண்டும். எவ்வளவு பதமாகக் கழற்றினாலும் பழைய காரில் இரண்டு கிளிப்பாவது உடையும். அப்புறம் மேடு பள்ளத்தில் எல்லாம் கடகடவென்று சத்தம். எனக்குச் சொன்ன விலையில் லோக்கலுக்கும் பெட்டிக்கும் வித்தியாசம் சுமார் 2,000 ரூபாய். டேஷ்போர்டு கூலி, கேஸ், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் எல்லாம் சேர்த்தால் அதைப் போல இரண்டு மடங்கு. லோக்கல் காயில் ஒரே ஒரு முறை லீக் ஆனால் போதும், மிச்சம் பிடித்ததெல்லாம் போய்க் கையிலிருந்தும் போகும். காயிலுக்கு வாரன்டி என்பார்கள். கூலிக்கும் கேஸுக்கும் பெரும்பாலும் வாரன்டி கிடைப்பதில்லை.

என் காரில் நடந்தது அதுதான். முதலில் வேலை பார்த்த இடத்தில் கொடுத்த பில்லில் 'கூலிங் காயில் – 1' என்று இருந்ததே தவிர, எந்தப் பெயரும் இல்லை. அடுத்த கோடைக்குள் குளிர்ச்சி குறைந்தது. கேஸ் ஏற்றினால் சில வாரம், மறுபடி வெறும் காற்று. இரண்டாவது முறை கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த லோக்கல் காயிலில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்த இடம் சரியாகக் குழாய் சேரும் பிரேசிங் (உலோகத்தை உருக்கி ஒட்டிய) மூட்டு. காயிலுக்குள் போகும் கேஸைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வு உட்காரும் முகத்தில் விரலை ஓட்டினால் கீறல் தட்டுப்பட்டது. அங்கே எந்த ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டாலும் நிற்காது. விளிம்பைச் சுற்றி இருக்க வேண்டிய ஸ்பான்ஜ் பட்டையே இல்லை. அது இல்லாவிட்டால் காற்று காயிலுக்குள் புகாமல் ஓரமாக வழிந்து போய்விடும், கேஸ் முழுசாக இருந்தாலும் குளிர்ச்சி குறையும். புதிதாக வந்த பெட்டியில் ஸ்பான்ஜ் ஒட்டியிருந்தது, குழாய் வாய்களில் இறுக்கமான ரப்பர் மூடி இருந்தது. அந்த மூடி முக்கியம். வாய் திறந்து கடையில் கிடந்த காயிலில் ஈரம் ஏறியிருக்கும். ஆர்-134ஏ என்ற ஏ.சி. கேஸோடு போய் கம்ப்ரசருக்கு வழவழப்பு தரும் பி.ஏ.ஜி. எண்ணெய் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், கடைசியில் கம்ப்ரசர் வரை கெடும்.

உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துப் பார்த்துவிட்டு, "வேக்யூம் நிக்குது சார், லீக் இல்லை" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். வேக்யூமில் காயில் தாங்குவது வெளிக்காற்றின் அழுத்தத்தை மட்டும், சுமார் 15 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு). ஏ.சி. ஓடாமல் கார் 40 டிகிரி வெயிலில் நிற்கும்போது உள்ளே கேஸ் அழுத்தம் 130 பி.எஸ்.ஐ.யைத் தொடும். ஓடும்போது காயில் இருக்கும் பக்கத்தில் அழுத்தம் இறங்கிவிடும். ஆக நம் ஊரில் சும்மா நிற்கிற கார்தான் மட்டமான மூட்டைப் பிரிக்கும். காயிலை உள்ளே பொருத்தும் முன் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டை மூடிய பிறகு நுரை தடவ வழியில்லை.

பெட்டிச் சரக்கு எத்தனை வருடம் வரும் என்று என்னால் உறுதி கூற முடியாது. என்னுடையதும் இன்னும் பல கோடைகளைப் பார்க்கவில்லை. பெட்டியிலேயே போலி வருகிறது என்பதும் உண்மை. சென்னை ஜி.பி. ரோட்டிலோ உங்கள் ஊர் ஸ்பேர்ஸ் கடையிலோ வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள், பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பர் பொருளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். மெக்கானிக்கே வாங்கி வந்தால் பிரிக்காத பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார்.

காரை இன்னும் ஆறு மாதத்தில் விற்கப் போகிறவர் லோக்கல் போட்டால் கணக்குச் சரியாக வரலாம். ஆனால் அடுத்து வாங்குகிறவர் தலையில்தான் அந்த டேஷ்போர்டு கூலி விடியும். தெரிந்தவருக்கு விற்பதாக இருந்தால் என்ன காயில் போட்டிருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.