பழைய வயரிங்கைப் பழுது பார்ப்பதா, புதிய ஹார்னஸ் போடுவதா?

பழங்காலக் காரில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால், பழுதான கம்பியை மட்டும் சரி செய்தால் போதுமா, ஹார்னஸ் எனப்படும் கம்பிக் கட்டு முழுவதையும் மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு, பலரும் வண்டியின் வயதைப் பார்த்தே விடை சொல்கிறார்கள். வயதைவிடக் கம்பியின் மேலுறைதான் இதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ரப்பர் உறையும் அதன்மேல் பருத்தி நூல் பின்னலும் கொண்ட கம்பிகளாக இருந்தால், பழுது பார்ப்பதில் பலனில்லை. எஞ்சின் சூட்டிலும் எண்ணெயிலும் ரப்பர் இறுகிப்போய், வளைத்தால் பொடிந்து உதிரும். வெளியே பின்னல் நன்றாக இருப்பதால் உள்ளே நிகழ்ந்த சேதம் கண்ணுக்குத் தெரியாது. ஓரிடத்தைச் சரி செய்யக் கம்பிக் கட்டை அசைக்கும்போதே வேறோரிடத்தில் உறை விண்டுவிடும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இரண்டே பியூஸ்கள்தான் உண்டு என்பதையும், ஹெட்லைட், இக்னிஷன் போன்ற இணைப்புகள் பியூஸ் இல்லாமலேயே செல்கின்றன என்பதையும் நினைத்துப் பார்த்தால், அங்கே ஏற்படும் ஷார்ட் ஒரு பியூஸோடு நிற்காது, கட்டு முழுவதையும் எரித்துவிடக்கூடும் என்பது புரியும்.

பிவிசி (பிளாஸ்டிக்) உறையுள்ள கம்பிகளின் நிலை வேறு. கம்பியின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கம்பிகளைச் செருகி இணைக்கும் புல்லட் கனெக்டரிலும், விளக்கு ஹோல்டரிலும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் கம்பியைப் பாடியில் திருகிய இடத்திலும்தான் துருவும் பச்சைக் களிம்பும் சேர்ந்திருக்கும். இந்தப் பழுதுகள் எல்லாவற்றையும் புதிய ஹார்னஸ் போக்காது. பாடிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில், எர்த் திருகின் அடியில் இருக்கும் பெயின்டைச் சுரண்டாமல் வயரிங் முழுவதையும் மாற்றினாலும் விளக்கு மங்கலாகத்தான் எரியும்.

ஆகவே முடிவெடுக்கும் முன் பழுதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு டெஸ்ட் லேம்ப் (கம்பி முனைகளோடு கூடிய சோதனை பல்பு), மல்டிமீட்டர் இரண்டில் எது சிறந்தது என்பதில் என் ஓட்டு முதலில் டெஸ்ட் லேம்புக்கே. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். அது இழுக்கும் மின்னோட்டம் ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. எனவே 28 இழைகளில் 27 அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சிய கம்பியிலும் அது தயங்காமல் 12 வோல்ட் காட்டும். 21 வாட் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் கேட்பதால், களிம்பேறிய இணைப்பில் உடனே மங்கி, உண்மையைச் சொல்லிவிடும். எல்இடி வைத்த டெஸ்டருக்கு இந்தத் திறன் கிடையாது. பியூஸ் போய்க்கொண்டே இருந்தால், பியூஸுக்குப் பதிலாக அந்தப் பல்பையே தொடரிணைப்பில் வைத்து, கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, ஷார்ட் அந்தக் கிளையில் இருக்கிறது.

பழுது எந்தக் கனெக்டரில் என்று துல்லியமாகச் சுட்டுவதற்கு மீட்டர்தான் வேண்டும். ஹெட்லைட்டை எரியவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனைக்கும் விளக்கின் முனைக்கும் இடையே அளந்தால், அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருப்பது கோளாறின் அடையாளம். மீட்டரின் விளக்குப் பக்கத்து முனையை ஒவ்வொரு கனெக்டராகப் பேட்டரியை நோக்கி நகர்த்தும்போது, இழப்பு எங்கே சட்டென்று குறைகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். பிரிட்டிஷ் கார்களில் வழக்கமான லூகாஸ் நிறுவன வயரிங் என்றால் நிறங்களும் துணை நிற்கும்: பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை இக்னிஷன் வழியாக வருவது, பச்சை அதற்குப் பிறகு பியூஸைக் கடந்தது, கறுப்பு எர்த். நிறம் மங்கியிருந்தால், கட்டின் டேப்பைச் சிறிது பிரித்துப் பார்த்தால் உள்ளே பழைய நிறம் பெரும்பாலும் தெரியும்.

ஒட்டுப் போடும்போது சால்டரிங்கைவிட, அளவுக்கேற்ற கருவியால் முனையை நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்பையே நான் விரும்புகிறேன். ஈயம் இழைகளுக்குள் ஊடுருவிக் கம்பியை விறைப்பாக்குவதால், அதிர்வில் அந்த விளிம்பிலேயே அது முறியும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் ஹார்னஸ், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையில் உள்ள வண்டிக்காகத் தயாரிக்கப்படுவது. இடைக்காலத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைத்திருந்தால், அதை அப்படியே பொருத்த முடியாது. பழைய கட்டை வெட்டாமல் முழுதாக எடுத்து, முனைகளில் பெயர் எழுதிய அட்டை கட்டி, புதியதன் அருகே தரையில் விரித்துக் கிளைகளின் நீளத்தை ஒப்பிட்ட பின்பே பொருத்த வேண்டும்.

பல வண்டிகளில் முன்கட்டும் பின்கட்டும் தனித்தனியாக இருந்து, கனெக்டர்களால் இணைக்கப்பட்டிருக்கும். எஞ்சின் சூட்டில் வெந்தது முன்கட்டு மட்டுமே என்றால், அதை மட்டும் மாற்றி, பின்கட்டைச் சோதித்துத் தக்கவைத்துக்கொள்வது முற்றிலும் சரியான தேர்வு.