வீட்டு சேர்வருக்கு (எந்நேரமும் இயங்கி, வீட்டாரின் பைல்களைச் சேமித்துப் பகிரும் கணினி) பழைய லெப்டொப்பா, டெஸ்க்டொப்பா?

கரண்ட்: டெஸ்க்டொப் சும்மா நின்றாலே 50 வோட் அளவில் இழுக்கும், மாதம் 36 யூனிட். லெப்டொப் 15 வோட் என்றால் 11 யூனிட்டுக்குள். கூடக்கூட விலையேறும் நம் பில்லில் இது பெரிய வித்தியாசம்.

மின்வெட்டு: லெப்டொப்பை அதன் பட்டரியே தாங்கும். ஆனால் எந்நேரமும் நூறு வீதச் சார்ஜில் கிடந்தால் பட்டரி ஊதக்கூடும். பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கம்) 80 வீதச் சார்ஜ் எல்லை இருந்தால் போட்டுவிடுங்கள். டச்பேட் மேலெழும்பினால் பட்டரி ஊதியிருக்கலாம்; லெப்டொப்பை நிறுத்திப் பட்டரியை உடனே கழற்றுங்கள், அது ஆபத்து.
டெஸ்க்டொப்புக்கு யூபிஎஸ் (கரண்ட் போனால் சிறிது நேரம் தாங்கும் பட்டரிப் பெட்டி) தேவை. கரண்ட் வந்ததும் தானே இயங்கும்படி பயோஸில் வைக்கலாம். மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பட்டரி செத்திருந்தால் கரண்ட் போகும்போது அந்த அமைப்பு அழிந்துவிடலாம், முதலில் அதை மாற்றுங்கள்.

டிஸ்க்: டெஸ்க்டொப்பில் இரண்டு 3.5 அங்குல டிஸ்க்கை மிரர் செய்யலாம், அதாவது ஒரே பைல்களை இரண்டிலும் வைக்கலாம். லெப்டொப்பில் பெரும்பாலும் ஒன்றுதான்.

உப்புக்காற்று: கல்லடி, கல்முனைக் கடற்கரை வீடுகளில் ரெம் (கணினியின் தற்காலிக நினைவகத் தகடு) தொடுமுனைகள் மங்கிப்போகும். டெஸ்க்டொப்பில் கழற்றி அழிறப்பரால் மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் சரிவரும்.

படங்கள், சிறு பைல்களுக்கு லெப்டொப். பல டெராபைட் சேமிக்கும் ஸ்டூடியோக்காரருக்கு டெஸ்க்டொப்.