கடையும் லோனும் எடுத்துத் தருகிறோம் என்றார்கள், 4 லட்சத்து 75 ஆயிரம் போய்விட்டது

கொழும்பில் கடை தேடுகிறவர்கள், அதிலும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் சின்னதாக ஒரு இடம் எடுத்து வியாபாரத்தைப் பெருப்பிக்க நினைக்கிறவர்கள், தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். "உங்கள் வியாபாரம் வளர நாங்கள் உதவுகிறோம்" என்று விளம்பரம் போட்டு, கடையும் பார்த்து, குறைந்த வட்டியில் அரச திட்ட லோனும் எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஒரு ஆலோசனை நிறுவனம் என்னுடைய 4 லட்சத்து 75 ஆயிரம் ரூபாவை விழுங்கிவிட்டது. முறைப்பாடு போட்டிருப்பதால் பெயர் எழுத வேண்டாம் என்று லோயர் சொல்கிறார். இன்றைக்கும் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வீட்டிலிருந்து மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, வடகம் பைக்கற் போட்டு விற்கிறேன். 2022இல் கேஸும் இல்லை, கரண்டும் இல்லை என்றிருந்த காலத்திலும் விடாமல் செய்தேன். இப்போது ஓடர் கூடிவிட்டது, வீட்டில் இடம் போதாது. ஆனால் காலி வீதியில் கடை என்றால் ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கேட்கிறார்கள். பழைய கடையென்றால் அதற்கு மேலே கீ மணி என்று கடையை விட்டுத் தருவதற்கு ஒரு தொகை, அதுவும் பெரும்பாலும் பற்றுச்சீட்டு இல்லாமல், திரும்பி வராத காசாக. வங்கிக்குப் போனால் கடைக் குத்தகை உறுதியைக் கொண்டு வாங்கோ, லோனைப் பிறகு பார்ப்போம் என்கிறார்கள். கடை முதலாளியோ காசைக் கொண்டு வாங்கோ, உறுதி எழுதலாம் என்கிறார். என்னைப் போல சின்ன வியாபாரி நடுவில் நின்று தவிக்கிற இந்த இடத்தை இந்த ஆட்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இரண்டையும் நாங்களே முடித்துத் தருகிறோம் என்பதுதான் அவர்களுடைய பேச்சே.

நான் எப்படி நம்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவரையும் இப்படித்தான் பிடிப்பார்கள். அந்த நிறுவனத்திலிருந்து வந்த தம்பி முதலில் காலி வீதியில் ஒரு கடையைக் காட்டினார். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது, எடுப்போம் என்றேன். அவரே என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், "அக்கா, இது வேண்டாம். கீ மணி கூடக் கேக்கிறாங்கள், உங்கட வியாபாரத்துக்கு இது தாங்காது, உங்களுக்கு நட்டம் வாறதை நான் பாத்துக்கொண்டிருக்க ஏலாது" என்றார். தன்னுடைய கமிஷனை விட்டுக்கொடுத்து என் நன்மையைப் பார்க்கிற ஆள் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். பிறகு உள்வீதியில் ஒரு சின்னக் கடை. ஷட்டரைத் தானே திறந்தார், எங்கே ராக்கை வைக்கலாம், எங்கே கல்லா என்று அளந்து காட்டினார், சாவியை என் கையிலேயே தந்து, "நல்ல நாள் பாத்துத் திறவுங்கோ" என்றார். என்னுடைய அம்மாவும் பக்கத்தில் நின்றா, அவவுக்குக் கண் கலங்கிவிட்டது. போகும்போது மட்டும் "உறுதி முடியும் வரைக்கும் ஒபிஸில இருக்கட்டும்" என்று சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

லோன் கதையும் சும்மா அவிழ்த்த பொய் இல்லை. 2020இல் கொரோனாவுக்குப் பிறகு மத்திய வங்கியின் சௌபாக்கியா திட்டத்தில் 4 சதவீத வட்டிக்குக் கடன் கொடுத்தது உண்மை, எனக்குத் தெரிந்தவர்களே எடுத்திருக்கிறார்கள். அதே மாதிரி ஒன்று திரும்ப வருகிறது, எங்களிடம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஆனால் அப்போதும் அந்தக் கடனை வங்கிகள்தான் கொடுத்தன. நடுவில் நின்று காசு வாங்கிக்கொண்டு இடம் ஒதுக்க எந்த ஆலோசனை நிறுவனத்துக்கும் அதிகாரம் இருக்கவில்லை. இதை வங்கியில் ஒரு மிஸ் பொறுமையாக எனக்கு விளங்கப்படுத்தினா, காசு போன பிறகு.

4 லட்சத்து 75 ஆயிரத்தையும் அவர்களுடைய கணக்குக்குப் போட்டேன். கடைக்கு அட்வான்ஸ் என்றுதான் வாயால் சொன்னார்கள். தந்த பற்றுச்சீட்டில் "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது" என்று ஆங்கிலத்தில், மிகச் சின்ன எழுத்தில் இருக்கிறது. கடையின் முகவரி ஒரு இடத்திலும் இல்லை.

அப்புறம் தொடங்கியது இழுத்தடிப்பு. முதலில் கடை ஓனர் கனடாவில், அவருக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அற்றோனித் தத்துவம் வரவேணும். பிறகு வங்கியில் ஓடிட். பிறகு போயா லீவு, நீண்ட வார இறுதி, திங்கள் எடுங்கோ. திங்கள் எடுத்தால் தம்பி "சைட் விசிட்"டில். கொஞ்ச நாளில் அந்தத் தம்பி வேலையை விட்டுவிட்டாராம், அவர் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லையாம். ஒபிஸுக்கு நேரே போனபோது வாசலில் இருந்த பிள்ளை தண்ணீர் தந்து, மனேஜர் மீட்டிங்கில் என்று சொல்லி மத்தியானம் வரைக்கும் இருத்தி வைத்தா. உள்ளே மனேஜர் சிரிக்கிற சத்தம் வெளியே கேட்கிறது! கடைசியில் வந்து, "அன்ரி, உங்களுக்கு ஆலோசனை தந்தோம்தானே, கடையும் காட்டினோம்தானே" என்றார். என் 4 லட்சத்து 75 ஆயிரம் கடை காட்டின கூலியாம்.

நானே அந்த உள்வீதிக்குப் போய்ப் பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தேன். ஓனர் கனடாவிலும் இல்லை, எங்கேயும் இல்லை, மேல்மாடியில் இருக்கிற வயதான ஐயா. கடை பார்க்க என்று வருகிற எல்லாப் புரோக்கர்களுக்கும் சாவி கொடுத்திருக்கிறார். என் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. "உங்களுக்கு முதலும் ஒரு பொம்பிளைப் பிள்ளை அழுதுகொண்டு வந்தது மகள்" என்றார். இதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பொலிஸில் "இது சிவில் விசயம், மத்தியஸ்த சபைக்குப் போங்கோ" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். லோயரோடு திரும்பப் போன பிறகுதான் என்ட்ரி போட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கடை முதலாளியை நேரில் காணாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அவருடைய கணக்குக்கே கொடுங்கள். யார் பெயரில் காணி இருக்கிறது என்று காணிப் பதிவகத்தில் லோயரை வைத்துத் தேடிப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையென்றால் நொத்தாரிசுக்கு முன்னால் இரண்டு சாட்சியோடு எழுத வேண்டும், இல்லாவிட்டால் சட்டத்தில் அது செல்லாது. 1840இலிருந்து இருக்கிற மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று லோயர் சொன்னார். லோன் என்றால் நேரே வங்கிக்குப் போங்கள். தொழில்முயற்சி உதவி என்றால் பிரதேச செயலகத்திலேயே அதற்கு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்க யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை. பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாஷை தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்த பிறகு காசைக் கொடுங்கள்.

உள்வீதிக் கடை, மேல்மாடியில் வயதான ஐயா, சாவியைக் கையில் தந்து திருப்பி வாங்கிய தம்பி, இது உங்களுக்கும் நடந்திருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள். ஐயா சொன்ன அந்தப் பிள்ளை இதைப் பார்த்தால் கட்டாயம் எழுதுங்கள் அம்மா. நாலைந்து பேர் ஒன்றாகப் போய் நின்றால் சிவில் விசயம் என்று தட்டிக்கழிக்க முடியாது என்று லோயர் சொல்கிறார்.