போலோ ஜிடி டிஎஸ்ஐ காருக்கு 195/60 ஆர்15 டயர்: 14 மாதங்கள் ஓட்டிய பின் ஒரு மதிப்பீடு

ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள் டயர் தேய்ந்ததும் முதலில் குழம்புவது கம்பெனிப் பெயரில் அல்ல, அளவில்தான். கம்பெனி கொடுத்த அளவையே மறுபடியும் போடுவதா, ஒரு படி பெரியதாகப் போடுவதா என்ற அந்தக் குழப்பம் எனக்கும் இருந்தது. என்னுடையது 2015ஆம் ஆண்டு வண்டி. அது வந்த அளவு 185/60 ஆர்15 (அகலம் 185 மில்லிமீட்டர், ரிம் 15 அங்குலம்; நடுவில் உள்ள 60ஐப் பின்னால் சொல்கிறேன்). கடந்த 14 மாதங்களாக, ஏறக்குறைய 22,000 கிலோமீட்டருக்கு, அதில் 195/60 ஆர்15 டயர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில், தவறான ஆலோசனையைக் கேட்டு, மூன்று வாரங்கள் 195/65 ஆர்15 அளவையும் ஓட்டினேன். மூன்று அளவுகளிலும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் டயர்தான் இருந்தது. ஆகவே ரப்பரின் தரமோ பட்டன் (தரையைத் தொடும் பகுதியின் மேடுபள்ளங்கள்) வடிவமோ குறுக்கே வராமல், அளவு மாறினால் காரில் என்ன மாறுகிறது என்பதைத் தனியாகப் பார்க்க முடிந்தது. இந்த மதிப்பீடு அளவைப் பற்றியது என்பதால் டயர் கம்பெனியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முதலில் வண்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். 2013இல் இந்தியாவுக்கு வந்த இந்த மாடலில் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினும் தானாகவே கியர் மாற்றும் ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸும் உள்ளன. 105 குதிரைத்திறன் என்பது இன்று பெரிய எண்ணாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை மிகக் குறைந்த சுழற்சியிலேயே முழுதாக வந்து முன்சக்கரங்களில் இறங்குகிறது. மழை பெய்த சாலையில் சிக்னல் விழுந்து ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தமாக மிதித்தால், 185 அளவு டயர் ஒரு கணம் வழுக்கிச் சுழல்வதும் டேஷ்போர்டில் டிராக்ஷன் விளக்கு மின்னுவதும் இந்தக் காரை ஓட்டிய எவருக்கும் பழக்கமான காட்சி. பெரிய டயர் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது. அந்த எண்ணம் சரியானதே. எந்தப் பக்கம் பெரிதாக வேண்டும் என்பதில்தான் பலரும் தவறுகிறோம்.

நான் தவறிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் நான் முதலில் சென்ற டயர் கடையில் 195/60 இருப்பில் இல்லை. "195/65 போட்டுக்கலாம் சார், அஞ்சுதானுங்க வித்தியாசம், வண்டி இன்னும் உசரமா நிக்கும்" என்றார் கடைக்காரர். அந்த அஞ்சு என்பது ஐந்து மில்லிமீட்டர் அல்ல என்பதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். டயரில் இரண்டாவதாக வரும் எண் ஒரு விகிதம். அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பதைச் சொல்வது. 185/60 என்றால் பக்கச்சுவர் 111 மில்லிமீட்டர். 195/65 என்றால் கிட்டத்தட்ட 127 மில்லிமீட்டர். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பக்கச்சுவர்களையும், 15 அங்குல ரிம்மின் 381 மில்லிமீட்டரையும் கூட்டினால் மொத்த விட்டம் கிடைக்கும். கம்பெனி அளவுக்கு அது 603 மில்லிமீட்டர். நான் போட்டுக்கொண்டு வந்ததற்கு 634.5 மில்லிமீட்டர். வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்கும் மேல்.

அந்த ஐந்து சதவீதம் என்ன செய்தது என்பதை அடுத்த சில நாட்களில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டாவது கியரில் வழக்கமாகச் சீறிக்கொண்டு போகும் கார், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதைப் போலத் தயங்கியது. சக்கரம் பெரிதானால் கியர் விகிதம் அந்த அளவுக்கு நீண்டுவிட்டது என்றே பொருள். கியர்பாக்ஸைத் தொடாமலேயே அதன் வேலையை நாம் மாற்றிவிடுகிறோம். நான்கு பேர் ஏறி, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, வீட்டுச் சந்தில் திரும்பும்போது முன்சக்கரம், அதைச் சுற்றி மேலே வளைந்திருக்கும் வீல் ஆர்ச்சின் உள் பிளாஸ்டிக்கில் உரசி 'கரகர'வென்று சத்தமிட்டது. குனிந்து பார்த்தபோது பிளாஸ்டிக்கின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பான தேய்ப்புத் தடம் இருந்தது. நீலாம்பூரைத் தாண்டி அவினாசிக்குப் போகும் சாலையில், ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது கைபேசியின் ஜிபிஎஸ்ஸும் 80 காட்டியது. இது நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் பழைய டயரில் இதே 80க்கு ஜிபிஎஸ் 76 காட்டியது. ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்காகவே தயாரிப்பாளர்கள் அந்த இடைவெளியை விட்டு வைக்கிறார்கள். அதை நான் முழுவதுமாகச் செலவழித்துவிட்டேன். மூன்றாவது வாரம் அந்த நான்கு டயர்களையும் நஷ்டத்துக்கு விற்றேன்.

இரண்டாவதாகச் சென்ற கடையில் பார்த்த ஒரு காரியத்தை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது எந்த அட்டவணையையும்விடத் தெளிவாக இருந்தது. அந்தக் கடையில் வேலை செய்த அண்ணன் என்னுடைய பழைய 185 டயர் ஒன்றின் பக்கச்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்; அதற்கு நேர்கீழே சிமென்ட் தரையிலும் ஒரு கோடு. பிறகு அந்தக் கோடு மறுபடி தரைக்கு வரும்வரை டயரைக் கையால் ஒரு சுற்று மட்டும் உருட்டி, டேப்பால் தூரத்தை அளந்தார். 1 மீட்டர் 86 சென்டிமீட்டர். அடுத்து, ரிம்மில் ஏற்றிக் காற்று நிரப்பிய புதிய 195/60 ஆர்15 டயரையும் அதே போல உருட்டினார். 1 மீட்டர் 93 சென்டிமீட்டர். "ஏழு சென்டிமீட்டர் ஜாஸ்தியா இருக்கேண்ணா" என்று நான் பதறியபோது, அவர் பழைய டயரின் தேய்ந்த பட்டனில் விரலை வைத்துக் காட்டினார். புதிய டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். சட்டப்படி மாற்றியாக வேண்டிய 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கட்டைக்கு வரும்போது விட்டத்தில் மட்டும் 12 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கும். என் பழைய டயர் அந்த நிலையில்தான் இருந்தது.

195/60 ஆர்15 டயரின் விட்டம் 615 மில்லிமீட்டர். கம்பெனி அளவைவிடச் சரியாக 12 மில்லிமீட்டர் அதிகம், அதாவது இரண்டு சதவீதம். ஒரு டயர் புதிதாக இருப்பதற்கும் தேய்ந்து தீர்வதற்கும் இடையே உள்ள வித்தியாசமும் அதே அளவுதான். காரின் கணினியும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும், கார் வழுக்கித் திரும்பாமல் காக்கும் ஈஎஸ்பியும் அந்த அளவு மாறுதலைத் தாங்கும் விதத்திலேயே அமைக்கப்பட்டவை; நான்கு சக்கரங்களும் ஒரே அளவில் இருக்கும்வரை அவற்றுக்குக் குழப்பம் எதுவும் இல்லை. இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பின்னாளில் வந்த போலோ ஜிடி கார்களுக்குக் கம்பெனியே 16 அங்குல அலாய் வீலில் 195/55 ஆர்16 டயரைப் போட்டுக் கொடுத்தது. அதன் விட்டம் கிட்டத்தட்ட 621 மில்லிமீட்டர். அதே உடல், அதே வீல் ஆர்ச். 621 உள்ளே சுழலும் இடத்தில் 615 உரச வாய்ப்பில்லை என்ற துணிவு எனக்கு அங்கிருந்து கிடைத்தது. முழு ஒடிப்பில், முழுச் சுமையில், இன்றுவரை உரசவும் இல்லை.

ரிம்மின் அகலத்தைக் கடைகளில் கேட்பவர்கள் குறைவு. இந்தக் காரின் 15 அங்குல அலாய் வீல் 6 அங்குல அகலம் கொண்டது. ஒவ்வொரு டயர் அளவையும் அதற்கென்று ஒரு ரிம் அகலத்தில் வைத்துத்தான் அளக்கிறார்கள். 185/60 ஆர்15 டயருக்கு அது 5.5 அங்குலம், 195/60 ஆர்15 டயருக்கு 6 அங்குலம், 205/55 ஆர்15 டயருக்கு 6.5 அங்குலம். மூன்றையுமே 6 அங்குல ரிம்மில் போட அனுமதி உண்டு. ஆனால் பொருத்திவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: 185 சற்று இழுத்துக் கட்டியது போல நிற்கும், 205இன் தோள் வெளியே பிதுங்கும், 195இன் பக்கச்சுவர் நேராக நிற்கும். பக்கச்சுவர் நேராக நிற்கும் டயர்தான் ஸ்டீயரிங் சொன்னதை உடனே கேட்கும். 205/55 ஆர்15இன் விட்டம் 606.5 மில்லிமீட்டர் என்பதால் ஸ்பீடோமீட்டர் கணக்கில் அது இன்னும் நெருக்கமானது. ஆனாலும் இந்த ரிம்மை மாற்றாமல் அதைப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

சுமைக் குறியீட்டிலும் வேகக் குறியீட்டிலும் பேச அதிகமில்லை, ஒரு விதி போதும்: கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறங்கக் கூடாது. 185/60 ஆர்15இல் வழக்கமாக வரும் 84 என்பது ஒரு டயருக்கு 500 கிலோ. நான் போட்டிருக்கும் 88 என்பது 560 கிலோ. எச் என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்பது 240. வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்.

இனி ஓட்டம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த டயர்களுடன் நான்கு முறை ஏறி இறங்கிவிட்டேன். 185 டயரில், வளைவின் நடுவில் சற்றே முன்னதாக ஆக்சிலரேட்டரைத் தொட்டால், உட்பக்க முன்சக்கரம் கீச்சிட்டு மூக்கு வெளியே தள்ளும். 195இல் அந்தக் கீச்சொலி எழும் இடம் தள்ளிப் போயிருக்கிறது; ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் வியூ காட்சிமுனை வரை ஏறும்போதே அது எனக்குத் தெளிவாகிவிட்டது. மழைத் தூறலில் சிக்னலில் கிளம்பும்போது டிராக்ஷன் விளக்கு மின்னுவது மிகவும் குறைந்திருக்கிறது. பக்கச்சுவர் 6 மில்லிமீட்டர் உயர்ந்து 117 ஆனதால், பள்ளத்தில் இறங்கும்போது வரும் அடி முன்பைவிட மென்மையாக இருக்கிறது. தரை இடைவெளியும் அதே 6 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. ஊர்ப்புறங்களில் அளவின்றிக் கட்டி வைத்திருக்கும் வேகத்தடைகளில் அடிப்பகுதி இடிப்பது குறைந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

குறைகளும் உண்டு. நிறுத்துமிடத்தில் திருப்பும்போது ஸ்டீயரிங் லேசாகக் கனக்கிறது. மேட்டுப்பாளையம் சாலையில் மழைநீர் தேங்கிய ஓர் இடத்தில் வேகமாக நுழைந்தபோது, பழைய டயரைவிடச் சற்று முன்பே கார் மிதப்பது போன்ற உணர்வு வந்தது. அகலமான டயர் தண்ணீரைக் கிழித்துத் தள்ள அதிகம் பாடுபட வேண்டும் என்பதால், தேங்கிய நீரில் நான் இப்போது வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். கிளம்பும் முதல் சில மீட்டர்களில் துளி மந்தம் தெரிகிறது, அந்த இரண்டு சதவீதத்தின் விலையாக. மைலேஜ் லிட்டருக்கு 13.8இலிருந்து 13.3 ஆகக் குறைந்ததாகக் காரின் திரை காட்டுகிறது. அந்த எண்ணை அப்படியே நம்பிக் கவலைப்பட வேண்டாம். சக்கரம் பெரிதானதால் ஒரு கிலோமீட்டருக்கு அது சுற்றும் சுற்றுகள் குறைந்துவிட்டன. ஓடிய தூரத்தைக் கார் இரண்டு சதவீதம் குறைத்தே எண்ணுகிறது. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மையான மைலேஜ் 13.5ஐத் தாண்டுகிறது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது ஜிபிஎஸ் 77, 78 என்று காட்டுகிறது. பாதுகாப்பான இடைவெளி இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஸ்டெப்னி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். என் டிக்கியில் இருப்பது பழைய அளவு. முன்சக்கரம் பஞ்சரானால் அந்தச் சிறிய சக்கரத்தை முன்னால் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் ஓட்டக் கூடாது. இடமும் வலமும் வேறு வேறு விட்டத்தில் சுழன்றால், இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துக்கொண்டே இருக்கும். பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டிக்கொண்டு பஞ்சர் கடை வரை மெதுவாகப் போவதே முறை. சிரமம்தான், ஆனால் கியர்பாக்ஸ் வேலைக்கு ஆகும் செலவை நினைத்தால் அரை மணி நேரம் பெரிதல்ல.

17 அங்குல அலாய் வீல் போட்டு 205/40 ஆர்17 ஏற்றும் நண்பர்களுக்கும் ஒரு சொல். அதன் விட்டம் 596 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் கணக்கு இடிக்காது. ஆனால் பக்கச்சுவர் வெறும் 82 மில்லிமீட்டர். நம் சாலைப் பள்ளங்களில் டயர் புடைப்பதும் ரிம் வளைவதும் அந்தக் குறைந்த உயரத்தால் வருபவை. பார்வைக்கு அழகு என்பதை மறுக்கவில்லை. தினமும் ஓட்டும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

185/60 ஆர்15 அளவில் வந்த ஜிடி டிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள், ரிம்மை மாற்றாமல், நான்கையும் ஒரே நேரத்தில் 195/60 ஆர்15 88 எச் அல்லது 88 வி ஆக மாற்றி, அன்றே அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் செய்துகொள்ளலாம் என்பதே என் பரிந்துரை. காற்றழுத்தம் கம்பெனி ஸ்டிக்கரில் உள்ளபடியே இருக்கட்டும். விலையில் டயருக்குச் சில நூறு ரூபாய்தான் கூடுதலானது. 16 அங்குல வீலும் 195/55 ஆர்16 டயரும் கொண்ட பிந்தைய வண்டிக்காரர்கள் இதே இரண்டு சதவீதக் கணக்கை நம்பி 205/55 ஆர்16க்குப் போவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். அதன் விட்டம் 632 மில்லிமீட்டர். என் காரில் ஆர்ச்சை உரசிய 634.5க்கு மிக அருகில் வருகிறது. அந்த வண்டிகளில் நானாக இருந்தால் 195/55ஐயே மறுபடி வாங்குவேன்.