சுரங்கப்பாதையில் போட்டோ எடுக்கலாம் என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

பத்மநாபபுரம் அரண்மனைச் சுரங்கப்பாதைக்குள் போட்டோ எடுக்கக் கூட்டிப் போகிறோம், ஹெல்மெட், ஹெட்லைட், காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் எச்சரிக்கும் கேஸ் மீட்டர் எல்லாம் எங்கள் பொறுப்பு என்று நாகர்கோவில் பக்கம் ஒரு குழு விளம்பரம் செய்கிறது. நான் கட்டிய முன்பணம் 3,000 ரூபாய். அது போனது போனதுதான்.

அரண்மனை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். "ஸ்பெஷல் பெர்மிஷன் வாங்கியாச்சு" என்றவர்கள், கடிதத்தைக் கேட்டால் இதோ அனுப்புகிறேன் என்றே ஓட்டினார்கள். குறித்த நாளோ திங்கட்கிழமை. அன்று அரண்மனைக்கு விடுமுறை. அதையே "கூட்டம் இருக்காது" என்று வசதியாகச் சொன்னார்கள்.

வண்டி போய் நின்றது தக்கலை தாண்டி, பூட்டிக் கிடந்த ஒரு பழைய வீட்டில். "சுரங்கம் இன்னைக்கு நடக்காது மக்களே, இந்த நிலவறையும் அதே மாதிரிதான்."

சரி, சாமானைப் பார்ப்போம் என்றால், கட்டட வேலைக்குப் போடும் ஹெல்மெட், தாடைப்பட்டை கிடையாது. ஹெட்லைட்டின் 18650 செல்லில் (சார்ஜ் ஏற்றும் உருளை பேட்டரி) கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தது. நல்ல கம்பெனி செல்லே 3500 சுற்றித்தான் வரும்.

எல்லாவற்றையும் விட மோசம் கேஸ் மீட்டர். வருஷக்கணக்கில் அடைத்த அறையில் மட்கும் மரமும் சருகும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். காற்றை விடக் கனமான கரியமில வாயு அடியில் தங்கும். கிணறு தூர்வாரப் போய் மயங்கி விழுகிறவர்களுக்கு நடப்பதும் பெரும்பாலும் இதுதான். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனால் மீட்டர் அலற வேண்டும். நாம் வெளிவிடும் மூச்சில் இருப்பது சுமார் 16தான். அதனால் சென்சார் மேல் நீளமாக ஊதினால் நல்ல மீட்டரில் எண் சரசரவென்று இறங்கும். இவர்களுடையதில் எவ்வளவு ஊதியும் 20.9 அசையவில்லை. கேட்டால், "அது புது மாடல் அண்ணே."

நான் இறங்கவில்லை. பணத்தைக் கேட்டதற்கு, "நீங்கதானே வேண்டாம்னீங்க" என்று பதில். மறுநாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

அப்புறம்தான் விளம்பரப் படத்தை உற்றுப் பார்த்தேன். கூரையிலிருந்து விழுது விழுதாகத் தொங்கும் பாறை! அது சுண்ணாம்புக்கல் குகையில் உருவாவது. நம் பக்கத்து மலைகளோ கருங்கல். சிதறால் மலையிலோ மருத்துவாழ்மலையிலோ அப்படி ஒன்றைப் பார்த்தவர் உண்டா? அதே படத்தைப் போட்டு இப்போது வட்டக்கோட்டைச் சுரங்கத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள்.