அப்பாவின் கீமோ மாதங்களும் வீட்டுக் கண்காணிப்புக் கருவிகளும்

அப்பாவுக்கு 74 வயது. பெருங்குடல் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ: மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் ஊசி, கூடவே 14 நாள் கேப்சிடபின் மாத்திரை, மொத்தம் 8 சுற்று. நாங்கள் தேனிப் பக்கம், மருத்துவமனை மதுரையில். அதனால் தெர்மாமீட்டர், பிபி மெஷின், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்சிமீட்டர், எடை மெஷின், ஒரு டேப்லெட் எல்லாம் கொடுத்தனுப்பினார்கள். அளவுகள் தானாகவே அங்குள்ள நர்ஸுக்குப் போய்விடும்.

நான் நம்பியது கருவிகளை. கைகொடுத்ததோ காலையில் டேப்லெட்டில் வரும் கேள்விகள்.

மூன்றாம் சுற்றில் ஒருநாள் நர்ஸ் போன் செய்தார். "ஐயா நேத்து ஏழு தடவை வெளிக்குப் போனதா போட்டிருக்காரே, மாத்திரையை உடனே நிறுத்துங்கம்மா, ஓஆர்எஸ் கொடுங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னிடம் "நல்லா இருக்கேன் பாப்பா" என்றுதான் சொல்லியிருந்தார். மகளிடம் சொல்லக் கூசியவர், திரையில் 7-ஐத் தொட்டிருக்கிறார். இந்த வயதில் நீர்ச்சத்து இறங்கினால் சிறுநீரகம் வரை பாதிக்கும். அன்று தப்பித்தோம்.

அமெரிக்காவில் புற்றுநோய் மருத்துவர் ஈதன் பாஷின் குழு 766 நோயாளிகளிடம் இதே வழியைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டது. தொந்தரவுகளைத் தாங்களே பதிந்துவந்தவர்கள் அதன்பின் உயிரோடிருந்த காலம் (மீடியன் கணக்கில், அதாவது பாதிப்பேராவது தாண்டிய அளவு) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். அப்பாவைப் பார்த்தபிறகு எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

ஆக்சிமீட்டர்தான் அதிகம் பயமுறுத்தியது. ஒரு விடியற்காலை 86 காட்டியது. அப்பாவுக்கு மூச்சு சீராக இருந்தது, விரல்தான் சில்லிட்டிருந்தது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினால் 97.

ஒரு மனக்குறை இன்னும் ஆறவில்லை. ஒரு ஞாயிறு இரவு காய்ச்சல் 101. டேப்லெட்டில் சிவப்பு எழுத்து வந்தது, போன் வரவில்லை. 100.4 தாண்டினால் பாரசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் கிளம்பி வரவேண்டும் என்று முதல்நாளே சொல்லியிருந்ததால் கார் பிடித்துப் போனோம். வெள்ளை அணு மிகவும் இறங்கியிருந்தது, ஐந்து நாள் அட்மிஷன். அந்தச் சிவப்பு எழுத்தை அங்கே பார்த்தது திங்கள் காலையில்தான். கருவி வாங்கும்போதே "ஞாயிறு ராத்திரி இதை யார் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். பதிலோடு ஒரு போன் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கீமோ முடிந்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. எடை மெஷின் மட்டும் சொந்தமாக வாங்கினோம். தினமும் காலையில் ஏறி நின்று, காலண்டர் தாளில் அப்பாவே எழுதிவைக்கிறார். இன்று 58.4.