உள் அழற்சிக்கு வாக்கிங்கா, ஜிம்மா? இரண்டிலும் இருந்து பார்த்தேன்

போன வருடம் ரத்தப் பரிசோதனையில் என் எச்எஸ்-சிஆர்பி (உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஒரு புரதத்தின் அளவு) லிட்டருக்கு 5.8 மில்லிகிராம் என்று வந்தது. சளியோ காய்ச்சலோ இல்லை. 1-க்குக் கீழே இருந்தால் நல்லது, 3-ஐத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து கூடுதல் என்றார் டாக்டர். எடை 84 கிலோ, இடுப்பு 101 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்பு 80-க்குள் இருக்க வேண்டும்.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. கொழுப்பு செல்கள் உப்ப உப்ப, நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே வந்து குவிகின்றன. அங்கிருந்து டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்கள் ரத்தத்தில் கலக்க, கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கிறது. இதுதான் உள் அழற்சி.

மும்பை மாட்டுங்காவில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன: காலையில் ஃபைவ் கார்டன்ஸ் பார்க்கில் வேக நடை, இல்லை வீட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் ஒரு நிமிடம் மூச்சிரைக்க ஓடி ஒரு நிமிடம் ஆறும் இடைவெளிப் பயிற்சி. ஜிம்மில் நேரம் மிச்சம், ஏசி உண்டு, மழைக் கவலை இல்லை. நடைக்குச் செருப்பை மாற்றி ஷூ போட்டால் போதும், செலவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு. தசை வேலை செய்யும்போது அதுவும் இன்டர்லூக்கின்-6-ஐ வெளியிடுகிறது. ஆனால் அது அப்போதைக்கு ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். போகும்போது அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10-ஐக் கூட்டிவிட்டுப் போகும். 2019-இல் டென்மார்க்கில் தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். வயிற்றுக்குள் இருந்த கொழுப்பு குறைந்தது. இன்டர்லூக்கின்-6-ஐத் தடுக்கும் மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் குறையவில்லை. அதாவது ஒவ்வொரு முறை உடம்பை அசைக்கும்போதும் கிடைப்பது கொஞ்சம்தான், அது வாரக்கணக்கில் சேர வேண்டும். கடுமையாகத்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. 2017-இல் கலிஃபோர்னியாவில் 20 நிமிட மிதமான டிரெட்மில் நடைக்குப் பிறகே டிஎன்எஃப் சுரக்கும் செல்கள் குறைந்ததைப் பார்த்தார்கள்.

அப்படியென்றால் விடாமல் எது நடக்கும்? ஜிம்முக்கு வருடக் கட்டணம் கட்டி ஆறு வாரம் போனேன், முழங்கால் பிடித்துக்கொண்டது. நடையோ பதினான்கு மாதமாக நிற்கவில்லை. அதற்குப் பாதிக் காரணம், காலை ஐந்தே முக்காலுக்கு மணியடிக்கும் எதிர் ஃப்ளாட் மாமி. "என்னடி, இன்னும் கிளம்பலையா?" என்று அவர் நிற்கும்போது படுத்திருக்க முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் பார்க் சரிவராது. கட்டடத்துக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்திலேயே அரை மணி நேரம் சுற்றுகிறோம். அலுப்புதான், ஆனால் வாரம் 150 நிமிடம் கணக்கு தப்புவதில்லை.

இப்போது சிஆர்பி 3.1. இதை முழுக்க நடையின் கணக்கில் எழுத மாட்டேன். மாலை வடாபாவை நிறுத்தினேன், ஐந்து கிலோவும் குறைந்தது. எடை இறங்கினால் சிஆர்பி இன்னும் நன்றாக இறங்கும் என்பது ஆய்வுகளிலும் உண்டு. ஆனால் தராசு அசையும் முன்பே இடுப்பு மூன்று சென்டிமீட்டர் குறைந்தது, அதை நடைக்குத்தான் தருவேன். ஆறு வாரத்தை வைத்து ஜிம்மை எடைபோடுவதும் சரியில்லை. முழங்கால் நன்றாக இருந்து, பொறுமையான பயிற்சியாளரும் கிடைத்தால் உங்களுக்கு அதுவே ஒத்துவரலாம். முழங்கால் வலி இருந்தால் நிலையான சைக்கிளைப் பாருங்கள்.

அப்புறம், சளி பிடித்திருக்கும்போது இந்தப் பரிசோதனை செய்யாதீர்கள். 10-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் தொற்றாக இருக்கும். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.